டிக்கியில் ஒன்றுமில்லை

கட்டாரில் ஐந்து வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்து அன்ரோ வாங்கிய முதல் பொருள் அந்தப் பழைய கார். இரண்டாவது, அம்மாவுக்கு ஒரு மடக்கு வீல்செயார். பாரிசவாதம் வந்த பிறகு அம்மா பீற்றிஸ் நடப்பதில்லை. எந்த வாசலில் கார் நின்றாலும், அவன் டிக்கியைத் திறந்து செயாரை விரிக்கும்வரை ஆட்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்தப் பார்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது ஆசை, காரே அதிர அடிக்கிற சப்வூபர் ஸ்பீக்கர். கார்களுக்கு சவுண்ட் பூட்டுகிற ஜெயந்தனின் கடைக்கு நிலோஜனையும் கூட்டிக்கொண்டு போனான். நிலோஜன் பள்ளிக்கூடக் கூட்டாளி, வாய் சும்மா கிடக்காதவன்.

"பெட்டி ரெண்டு வகை இரிக்கு அண்ணன்," என்றான் ஜெயந்தன். "மூடின பெட்டி சின்னன். சத்தம் அளவாத்தான் வரும், ஆனா துப்புரவா வரும். ஓட்டை வெச்ச பெட்டி அடிச்சா நெஞ்சு அதிரும். ஆனா டிக்கி முழுக்க அதுக்குத்தான். டிக்கியில என்ன கொண்டு போறனீங்க?"

நிலோஜன் சிரித்தான். "இவன் என்னத்தக் கொண்டு போறான், ஆடா? மூடின பெட்டியக் கொண்டுபோய்ச் சாமியார்ட காருக்குப் பூட்டுங்க!"

வீல்செயார் என்ற சொல் அன்ரோவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

"ஒண்டுமில்ல. ஓட்டை வெச்சதையே பூட்டுங்க."

ஜெயந்தன் டிக்கிக்குள் குனிந்து எதையோ பார்த்தான். பிறகு அளவு நாடாவை இழுத்தான்.

ஞாயிறு காலை அம்மா பவுடர் பூசி, முக்காடு போட்டு, பூசைக்குப் போக வாசலில் செயாரில் காத்திருந்தாள். பின் சீற்றில் அக்கா றஜனியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும். அன்ரோ டிக்கியைத் திறந்தான். கறுப்புப் பெட்டி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை உட்கார்ந்திருந்தது. செயாரைக் கூரையில் கட்டலாம். கட்டினால் மாதா கோயில்வரை முழு ஊரும் பார்க்கும். அவன் கை கயிற்றுக்குப் போகவில்லை.

அம்மா பெட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"வடிவா இரிக்கு மகன். எனக்கு இண்டைக்கு முழங்கால் குத்துது. நீங்க போயிற்று வாங்க."

வழியெல்லாம் பிள்ளைகள் பாட்டுப் போடச் சொல்லி நச்சரித்தார்கள். அவன் போடவில்லை. கோயில் முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பிலிப்பு மாமா கேட்டார்:

"எங்க மகன், அம்மாவக் காணல்ல?"

"காய்ச்சல் மாமா."

அவர்கள் வீடு திரும்பி அரை மணி நேரமிருக்காது, மாமா காய்ச்சலுக்குக் கைப்பு வேர் போட்டு அவித்த மல்லித் தண்ணியை ஒரு போத்தலில் கொண்டு வந்துவிட்டார். "காய்ச்சலாம், இப்ப எப்பிடி பீற்றிஸ்?"

அன்ரோ கதவுக்குப் பின்னால் நின்றான். அம்மா இன்னும் முக்காட்டைக்கூடக் கழற்றவில்லை. கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கோப்பையை நீட்டி வாங்கினாள்.

"இப்ப பரவாயில்ல அண்ணன்," என்று சொல்லி, கைப்பில் முகத்தைச் சுளித்துச் சுளித்து முழுவதையும் குடித்தாள்.

திங்கட்கிழமை அவன் கடைக்குப் போனபோது நிலோஜன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணன், சத்தம் கூடிப்போச்சா?" என்றான் ஜெயந்தன்.

ஓம் என்றால் அதோடு முடிந்துவிடும்.

"இல்ல. டிக்கியில அம்மாட வீல்செயார் வைக்கணும். மூடின பெட்டி பூட்டுங்க."

நிலோஜன் கோப்பையை வாயிலிருந்து எடுத்தான். ஜெயந்தன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குத் தெரியும் அண்ணன். அண்டைக்கே டிக்கிக் காப்பெற்றில வட்டமா வீல்செயார்ட சில்லுத் தடம் கிடந்தது. கூட்டாளி நிண்டதால நானும் கேக்கல்ல."

அன்ரோ நிமிரவில்லை. ஸ்குரூட்ரைவரை வாங்கித் தானே கழற்றினான். பெட்டியைத் தூக்கியதும் அடியில் அந்தத் தடம் தெரிந்தது, கோயில் முற்றத்து மணலோடு.