உப்பளத்து ராஜாவின் கடைசிக் காட்சி

என் கல்யாணம் ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சியில் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் அந்தரத்தில் தொங்கியது. இதைச் சொன்னால் என் மருமகள்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்த ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

அப்பா ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தார். லயத்து வீடுகளில் இருந்த கூலியாட்களின் காய்ச்சல், அட்டைக்கடிப் புண், பிரசவம் எல்லாம் அவர் தலையில்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அம்மா செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றுவாள். சில நாள் அவர் கையைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், எடுக்கவே மாட்டார். என்ன நடந்தது என்று அம்மா கேட்கமாட்டாள். இன்னொரு செம்பு ஊற்றுவாள்.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதுளைக் கோயிலுக்குப் போவோம். ஆனால் அப்பாவுக்கு வேறொரு பக்தியும் இருந்தது. மதுரைப் பக்கமிருந்து கப்பலேறி வரும் ஒரு நாடகக் கம்பெனியின் வாத்தியார்மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. கதை கட்டுவது, பாட்டெழுதுவது, ஆட்களைப் பழக்குவது, மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது எல்லாம் அந்த ஒரே மனிதர்தான். அவர் மேடையில் முகம் காட்டியதே இல்லை. அப்படியும் ஊவா மாகாணம் முழுக்க அவரை வைத்து இரண்டு கட்சி இருந்தது. பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை பாய்மார்கள்கூட முழக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வாத்தியார் நாடகத்தில் எது உசத்தி, எது மட்டம் என்று மல்லுக்கு நிற்பார்களாம்.

அப்பா 'உப்பளத்து ராஜா' கட்சி. நாட்டைத் தோற்ற ஒரு ராஜா, பெயரை மறைத்து உப்பளத்தில் கூலிவேலை செய்து, கடைசியில் பட்டத்துக்குத் திரும்பி வருகிற கதை. அவர் பார்வையில் வாத்தியாருடைய படுமோசமான நாடகம் 'இரட்டை மந்திரி'. அதை யாராவது நல்லது என்று சொல்லிவிட்டால் போதும், அப்பாவுக்குக் காது சிவந்துவிடும். வெலிமடையிலிருந்து வந்த ஒரு நல்ல வரனை இப்படித்தான் வாயால் கெடுத்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் இரட்டை மந்திரியைப் புகழ்ந்தார். அப்பா அவரைப் பார்த்து, உங்களுக்குப் பொம்மலாட்டம் காட்டினால் போதும் என்றார். காப்பியை ஆறவிட்டு எழுந்து போனார்கள்.

நானும் அம்மாவும் ஒரு நாடகமும் பார்த்ததில்லை. எங்களைப்போன்ற வீட்டுப் பெண்கள் கொட்டகைக்குப் போகிற வழக்கம் அப்போது கிடையாது. அப்பா பார்த்துவிட்டு வந்து மறுநாள் அடுப்படியில் எங்களுக்கு முழுவதையும் நடித்துக் காட்டுவார். ராஜா, ராணி, சேவகன் எல்லாம் அவரே. அகப்பைதான் செங்கோல். அதைக் கேட்டே எனக்கும் அபிப்பிராயம் வந்துவிட்டது. நானும் உப்பளத்து ராஜா கட்சியாகிவிட்டேன்.

அடுத்த வரன் பண்டாரவளையிலிருந்து வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவரை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தேன். பதுளைக் கோயில் அறுப்புப் பண்டிகை ஏலத்தில், நாங்கள் கொண்டுபோய் வைத்த பூசணிக்காயை விடாமல் கேட்டு, யாரும் கொடுக்காத விலைக்கு எடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தெரியாமல் தடுமாறினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதனால்தான் பயம். பிடிக்காத வரன் என்றால் யார் என்ன பேசினால் எனக்கென்ன.

அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் முழுக்க அம்மா அப்பாவின் பின்னாலேயே அலைந்தாள். நாடகப் பேச்சை எடுக்கவே கூடாது என்று வேதப்புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொன்னாள். அப்பா வைத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, இந்த வரனைக் கொண்டுவந்த கோயில் உபதேசியார். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே சரக்கறையில் கிளாக்கர். மூட்டையை நிறுத்து நிறுத்தே காலம் தள்ளிய மனிதர், பேச்சையும் அப்படித்தான் நிறுப்பார் என்று கேள்விப்பட்டிருந்தோம். உபதேசியார் ஜெபம் பண்ணினார். நான் ஒரு கீர்த்தனை பாடினேன். ஹாலிஎலப் பக்கம் ரயில் பாதைக்காக மலையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாம் சரணத்தில் வெடி அதிர்ந்தது, என் குரலும் அதிர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரித்தாள். சரி, இதுவரை தப்பித்தோம் என்று காப்பி எடுக்க உள்ளே போனேன்.

தட்டைத் தூக்கும்போதே கூடத்திலிருந்து காதில் விழுந்தது. பேச்சை எடுத்தது அப்பா இல்லை. மாப்பிள்ளையின் அப்பா. அடுத்த மாதம் வாத்தியார் கம்பெனி பதுளைக்கு வருகிறதாமே, இந்தத் தடவையாவது இரட்டை மந்திரி போடுவார்களா என்று சும்மா கேட்டு வைத்தார். அம்மா அடுப்படி வாசலிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். ஆனால் வந்தவர் விடவில்லை. இரட்டை மந்திரியில் ஒரு முடிச்சுகூட அவிழாமல் நிற்காது, கணக்குச் சுத்தம் என்றார். மட்டமான நாடகம் எது என்று கேட்டால் உப்பளத்து ராஜாதான், பட்டம் கட்டினதும் மங்களம் பாடித் துரத்திவிடுகிறார்கள், கதை பாதியில் நிற்கிறது என்றார்.

"பாதியில எங்கங்க நிக்குது? அதுக்கப்புறம்தானே கை கழுவுற காட்சி" என்றார் அப்பா.

"என்ன காட்சி?"

"ராணி தண்ணி ஊத்துறது."

மாப்பிள்ளையின் அப்பா, தான் அந்த நாடகத்தைப் பண்டாரவளையிலும் பதுளையிலும் பார்த்ததாகவும் அப்படி ஒரு காட்சி கிடையவே கிடையாது என்றும் சொன்னார். உண்டு என்றார் அப்பா. இல்லை என்றார் அவர். இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. காப்பித் தட்டோடு நான் நடுவில் வந்து நின்றேன். உபதேசியார் இன்னொரு ஜெபத்துக்குத் தயாராவதுபோல் தொண்டையைச் செருமினார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. இருக்கா இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கிறது என்றால் வந்தவர் பொய்யர். இல்லை என்றால் அப்பா பொய்யர்.

"நான் நாடகமே பாத்ததில்லீங்க. அப்பா சொல்லித்தான் தெரியும்" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரிம்மா, உங்கப்பா என்ன சொன்னார், அதைச் சொல் என்றார். தட்டைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னேன். ராஜா பட்டம் கட்டிக்கொண்டு பந்தியில் உட்காருகிறார். ராணி கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறாள். தாம்பாளத்தில் விழுந்த தண்ணீரைத் தோழி எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள். ராணி அவளைத் தடுத்து, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறாள். உப்புக் கரிக்கிறது. இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்று அதுவரை அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இனிமேலும் கேட்கப் போவதில்லை. இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறாள். அவ்வளவுதான். பாட்டுக்கூடக் கிடையாது.

நான் சொல்லி முடித்தேன். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்திருந்தார். அவருடைய அப்பா காப்பியை எடுத்துக் குடித்தார். பிறகு, கம்பெனி வரட்டும், பார்த்துவிட்டுப் பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

எதைப் பேசிக்கொள்வது? நாடகத்தையா, கல்யாணத்தையா? மறுநாள் உபதேசியார் வந்து விளக்கம் சொன்னார். கல்யாணத்தைத்தான். பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லையாம். ஆனால் இல்லாத மூட்டையை இருக்கிறதாகச் சாதிக்கிறவர் வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள அவருக்கு யோசனையாக இருக்கிறதாம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகச் சனிக்கிழமை பகலாட்டம் உண்டு, இரண்டு வீடும் அதற்குப் போவோம், காட்சி இருந்தால் அங்கேயே கை நனைத்துப் பேசி முடித்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இல்லாவிட்டால் என்ன என்பதை உபதேசியார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மாதத்தை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் அப்போது தோட்டத்துப் பள்ளியில் டீச்சர்; பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும்போது ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டு நிற்பேன். ராத்திரி ஜெபத்தில் வெட்கமில்லாமல் ஒரு நாடகக் காட்சிக்காக ஆண்டவரிடம் மன்றாடினேன். மலை உடைக்கிற வெடி கேட்டால் திடுக்கிட்டேன், கேட்காவிட்டால் எப்போது கேட்குமோ என்று இருந்தேன். ஒரு சாயங்காலம் பொறுக்கமுடியாமல் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தக் காட்சி நெசமாவே இருக்குதானே?"

அப்பா கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் முகம் வாடிப்போனது. "என் கண்ணால பாத்தேன் பாப்பா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். அதனால் பயம் இரண்டு மடங்கானது.

பதுளையில் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பகலிலேயே உள்ளே காஸ் விளக்கு எரிந்தது. பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் மூங்கில் தட்டி. தட்டியின் இடுக்கு வழியாக அப்பாவின் காது மட்டும் எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளும் அன்றைக்குத்தான் முதல் தடவை நாடகம் பார்க்கிறாளாம்.

நாடகத்தை நான் எங்கே பார்த்தேன். ராஜா நாட்டைத் தோற்றார், உப்பளத்தில் கூடை சுமந்தார், பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அப்பாவின் அகப்பை ராஜாவைவிட இந்த ராஜா தடித்திருந்தார், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பட்டாபிஷேகம் வந்தது. மேளம் கொட்டினார்கள். ராணி செம்பை எடுப்பாளா என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையையும் கூப்பினாள். மங்களம் பாடினார்கள். திரை விழுந்தது.

"தண்ணி வரலயே" என்றாள் அம்மா, என் கையைப் பிடித்தபடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செம்பும், நீட்டிய கையும், கேட்காமல் இன்னொரு தடவை ஊற்றுவதும். இதை அப்பா எந்தக் கொட்டகையில் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. கல்யாணத்துக்காகப் பாதி, அப்பாவுக்காகப் பாதி.

வெளியே மழை தூறியது. அப்பா எங்கள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பியை எடுத்துக் கையில் வைத்திருந்தார், தலை நனைவது தெரியாமல். மாப்பிள்ளையின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரை நோக்கி வந்தார். பின்னால் மாப்பிள்ளை, செத்த முகத்தோடு. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். எதைச் சொன்னாலும் காதில் விழவேண்டாம் என்றிருந்தது. ஆனால் விழுந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி? அந்தக் காட்சிய வெட்டிப்புட்டான்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவருக்குச் சம்பந்தி என்ற சொல்லே காதில் ஏறவில்லை, நான் சத்தியம் பண்ணுவேன். வெட்டிவிட்டான் என்பதுதான் ஏறியது. வெட்டிட்டாங்களா என்றார் மெதுவாக. பிறகு, அதை வெட்டினவன் ஒரு வாத்தியாரா என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த வாத்தியாரைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். அந்தக் காட்சி இருந்தால் அவன் நாடகத்திலேயே உசத்தி இதுதான், இல்லாவிட்டால் இதைவிட மட்டம் கிடையாது என்று மழையில் நின்றபடியே முடிவு கட்டினார்கள். மாப்பிள்ளை எங்கள் பக்கம் வந்து, குடை வேணுமா என்று என் அம்மாவைக் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஒருநாள் மாமனாருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். நிறுத்துப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் அன்றைக்கு மட்டும் எப்படிப் பொய் சொன்னார் என்று.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "நான் எங்கம்மா பொய் சொன்னேன்? அந்தக் காட்சிய நான் பாத்திருக்கேனே. ஒங்க வீட்டுக் கூடத்துல, நீ தட்டோட நின்னு சொன்னப்ப."