அம்மாவின் பக்கத்து ஆசனம்

எங்கள் அம்மா கார் விபத்தில் இறக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறுதிக் கிரியைக்கு வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "எந்த ரோட்டிலை, பிள்ளை?" என்றே கேட்டார்கள். அம்மா வெள்ளவத்தை வீட்டில், தமது கட்டிலில், கணையத்தில் வந்த நோயால் காலமானார். நோய் தெரியவந்த பின் சில மாதங்களே அவர் எங்களோடு இருந்தார்.

ஒரே பிள்ளை என்பதால் அம்மாவின் இந்த ஓராண்டு நினைவு மலருக்கு எழுதும் கடமை எனக்கு வந்தது. அம்மாவின் மூத்த சகோதரியாகிய பெரியம்மா, "கார்க் கதையைக் கனக்க எழுதாதை, ஆக்கள் சிரிப்பினம்" என்று சொல்லியிருந்தார். அவர் சொல்லை மதித்துக் கார் இல்லாமலே எழுதிப் பார்த்தேன். பொறுமையும் அடக்கமும் நிறைந்த ஓர் அம்மா வந்தார். அவரை எனக்குத் தெரியாது. கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இதுவும் சரியா என்று தெரியவில்லை.

அம்மா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புதுக்கடை நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது சின்னப் பிள்ளையாக இருந்த அம்மா குடும்பத்தோடு லொறியில் ஏற்றப்பட்டு, பின் கப்பலில் ஏற்றப்பட்டு, ஊருக்கு அனுப்பப்பட்டார். பிறர் ஓட்டும் வாகனத்தில் இருக்க அம்மாவுக்குப் பிடிக்காமற் போனது அன்றிலிருந்துதான் என்று உறவினர்கள் சொல்வார்கள். அம்மா ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. பேராதனையில் பல் மருத்துவம் படித்து, திரும்பவும் கொட்டாஞ்சேனைக்கே வந்து சிகிச்சை நிலையம் நடத்தினார். துறைமுகத் தொழிலாளர், மீன் விற்பவர், கன்னியாஸ்திரிகள் எல்லோரும் அவரிடம் வந்தார்கள். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் ஓயாமல் கேள்வி கேட்பார், பதிலையும் தாமே சொல்லிவிடுவார். கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் வந்தால் நோயாளர்கள் அவருக்குக் கேக் கொண்டுவருவார்கள். பல் வைத்தியருக்குக் கேக்!

எனக்கு ஒன்பது வயதளவில் அந்தக் கார் வந்தது. நீல நிறம், கூரையை மடித்துத் திறக்கலாம், நிலத்தோடு ஒட்டியதுபோல் தாழ்ந்தது. வெளிநாடு போன ஒருவர் விற்றுவிட்டுப் போன ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். ஆசனங்கள் இரண்டு. எங்கள் வீட்டிலோ மூன்று பேர்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சிகிச்சை நிலையத்தைப் பூட்டியதும் அம்மா வெளிக்கிடுவார். திருகோணமலை, மட்டக்களப்பு, ஹப்புத்தளை, போர் முடிந்தபின் யாழ்ப்பாணம். அப்பா உயிரோடு இருந்தவரை பக்கத்தில் ஏறி இருந்து, நகரம் தாண்டுமுன் நித்திரையாகிவிடுவார். நான் கொட்டாஞ்சேனையில் பெரியம்மாவோடு நிற்பேன். இந்த மலரைக் கையில் வாங்கும் பலருடைய வீட்டுப் படலையில் அந்தக் கார் நின்றிருக்கிறது. தேத்தண்ணீர் ஆறுமுன் அம்மா எழும்பிவிட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இவ்வளவு தூரம் வந்து இருக்காமல் போறியே" என்று நீங்கள் குறைப்பட்டிருப்பீர்கள். எங்கேயாவது போய்ச் சேருவதில் அம்மாவுக்கு அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை.

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று நான் அழுதிருக்கிறேன்.

"நீ வந்தால் ரோட்டைப் பாக்கமாட்டன், உன்னைத்தான் பாப்பன்" என்பார் அம்மா. அதை அன்பு என்று எடுப்பதா, தட்டிக்கழிக்கும் சாட்டு என்று எடுப்பதா என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

இனிச் சொல்லப்போவது எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் ஒருவரும் என் முகத்துக்கு நேரே கதைக்காத விடயம். என் மகள் பிறந்த மூன்றாம் கிழமை, பிள்ளைப்பேற்றின் துடக்குத் தீட்டுக் கழியுமுன், அம்மா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றினார் என்றும், அதனால்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் கிடந்தது என்றும் ஒரு கதை இருக்கிறது. பச்சை உடம்புக்காரியையும் பச்சைக் குழந்தையையும் பிரித்த தாய் என்ற பெயர் அம்மாவுக்கு அதனால் வந்தது. அந்தப் பெயரோடு அவரை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை.

மகள் பிறந்ததும் நான் நித்திரை கொள்வதை நிறுத்திவிட்டேன். அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரலை வைத்தபடி இருந்தேன். ஒருவரையும், கணவரைக்கூட, தூக்க விடவில்லை. எங்கள் வெள்ளவத்தை வீடு நாலாம் மாடியில். குழந்தையோடு பல்கனிப் பக்கம் போனால் என் கை என்ன செய்துவிடுமோ என்று ஒரு பயம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பல்கனிக் கதவைப் பூட்டி, திறப்பை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். உடுப்புக் காயப்போடத் திறப்பைத் தேடிய அம்மா அதைக் கண்டெடுத்தார். என்னை ஒருதரம் பார்த்தார். திறப்பைத் திரும்ப அரிசிக்குள்ளேயே வைத்துவிட்டு, உடுப்பைக் குசினிக்குள் கொடி கட்டிக் காயப்போட்டார்.

மறுநாட் காலை கார்த் திறப்போடு வந்து நின்றார்.

"வெளிக்கிடு."

"எங்கை?"

"புத்தளம்."

"புத்தளத்திலை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. அதுதான்."

பத்தியக் கறிக்கு மிளகு அரைத்துக்கொண்டிருந்த பெரியம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். "உனக்கென்ன விசரோ? துடக்குக் கழியாமல் பிள்ளைப்பெத்தவளை ரோட்டிலை கொண்டு திரியப்போறியோ?"

"கோயிலுக்குத்தானே அக்கா போகக்கூடாது. ரோட்டுக்கு என்ன துடக்கு?"

"காத்துப் பட்டால்?"

"கூரை மூடியிருக்கும்."

"அப்ப குழந்தை?"

"நீங்கள் இருக்கிறியள். பால் எடுத்து வைச்சிருக்கு. மூண்டு பேரை வளத்தனீங்கள், என்னையும் சேர்த்து."

ஏன் ஏறினேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். காதுக்குள் பஞ்சு வைத்து, கம்பளித் தொப்பி போட்டு, பெரியம்மா ஒரு பொதி போலக் கட்டி அனுப்பினார். காலி வீதியின் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் திரும்பச் சொன்னேன். பச்சை விழுந்ததும் அம்மா காரை ஓட்டினார். நீர்கொழும்பு வருமுன் பெரியம்மாவுக்குப் பல தடவை தொலைபேசி எடுத்துவிட்டேன்.

"பெரியம்மா, மூச்சு விடுறாளோ பாருங்கோ."

"விடாமல் என்ன, குறட்டையெல்லோ விடுறாள்! சும்மா சும்மா போன் அடிச்சு எழுப்பாதை."

மாரவில தாண்ட எனக்குப் பால் கட்டி, சட்டை நனைந்தது. அழுதேன். அம்மா ஆசனத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துவாயை இழுத்துத் தந்தார். அவர் அதை ஆயத்தமாகக் கொண்டுவந்திருந்தார் என்பது எனக்கு அப்போது இன்னும் கோபத்தைத் தந்தது. சிலாபத்துக்கு அப்பால் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கம்பளித் தொப்பியோடு அழுதுகொண்டிருந்த என்னைப் பாராமல், காரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, இது எவ்வளவு வேகம் ஓடும் மேடம் என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஹெமின், மல்லி, ஹெமின்" என்றார் அம்மா. மெதுவாகத்தான் தம்பி, மெதுவாகத்தான். அதைவிடப் பெரிய பொய்யை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாட்களுக்குப் பின் வந்த சிரிப்பு, அழுகையோடு கலந்து மூக்கால் வந்தது.

புத்தளத்தில் உப்பளங்களின் ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், முன்னாலே பார்த்தபடி கதைத்தார்.

"நீ பிறந்தாப்பிறகு நாங்கள் கொட்டாஞ்சேனையிலை மேல்மாடியிலைதானே இருந்தனாங்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு படியாலை இறங்க எனக்குப் பயம். விழுத்திப்போடுவன் எண்டில்லை. எறிஞ்சுபோடுவன் எண்டு."

நான் கம்பளித் தொப்பியைக் கழற்றினேன்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. டொக்டர் எண்டு பேர், சொல்ல வெக்கம். துடக்குக் கழியுமட்டும் கீழை இறங்கேல்லை."

"அந்தப் பயம் பிறகு போட்டுதோ அம்மா?"

"போய்ப் போய் வரும். கார் ஓடினால் போகுமெண்டும் இல்லை. ஓடேக்கை ரெண்டு கையும் இதிலை இருக்கும், கண் ரோட்டிலை இருக்கும். வேறை ஒண்டும் செய்ய ஏலாது. அவ்வளவுதான்." பிறகு, "உன்னை இதிலை ஏத்தாததுக்கும் அந்தப் பயம்தான் காரணம், பிள்ளை" என்றார்.

அந்தச் சொற்களை இங்கே போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று பலமுறை யோசித்தேன். ஆனால் இதை வாசிப்பவர்களில் பிள்ளைப்பெற்ற பெண்கள் இருப்பீர்கள்.

திரும்பி வந்தபோது மகளின் உடம்பு சுட்டது. அவ்வளவு சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்கக்கூடாது என்று அம்மா உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். சில நாட்கள் அங்கேயே மறித்து வைத்தார்கள். தொற்று ஏற்கனவே உடம்பில் இருந்திருக்கும், தாய் அன்று வீட்டில் இருந்திருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார். பெரியம்மா நம்பவில்லை. விறாந்தையில் எல்லோரும் பார்க்க, "இது உன்ரை காராலை வந்தது" என்று அம்மாவை ஏசினார். அம்மா, "ஓம் அக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

"என்னைக் கட்டி ஏத்திக்கொண்டு போகேல்லை, பெரியம்மா. நான்தான் ஏறினனான்" என்றேன். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அதனால் இங்கே அச்சில் போடுகிறேன்.

மகள் சுகமாகி வீட்டுக்கு வந்த அடுத்த கிழமை, அம்மா என்னை ஒரு மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியருக்கு முன்னால், தம்முடைய கொட்டாஞ்சேனைக் கதையைத் தாமே முதலில் சொன்னார். பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. நான் முழுக்கச் சுகமாகிவிட்டேன் என்று எழுதமாட்டேன். மகளைவிட்டு அரை நாள் விலகினாலும் இன்றும் நெஞ்சு அடிக்கிறது. பல்கனிக் கதவு மட்டும் திறந்திருக்கிறது.

நோய் வந்தபின் அம்மாவால் ஓட்ட முடியவில்லை. சிகிச்சைக்கு வாடகைக் காரில் ஏற மறுத்தார். ஆகவே அந்தக் காரை நான் ஓட்டினேன், அம்மா பக்கத்து ஆசனத்தில் இருந்தார். வாந்தி வரும் நிலையிலும், "கியரை மாத்து பிள்ளை, கார் அழுகுது" என்பார். கடைசிக் கிழமைகளில் கட்டிலிலும் அமைதி இல்லை. ஒரு பக்கம் திருப்பச் சொல்வார், மறுபக்கம் திருப்பச் சொல்வார், யன்னலைத் திற, மூடு என்பார். வலிதான் என்று தாதி சொன்னார். இருக்கலாம். ஒரு பின்னேரம் பெரியம்மா அவருடைய தலையைத் தடவிக்கொண்டு இருந்தபோது அமைதியாகப் போய்விட்டார்.

அம்மாவைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், படியேற முடியாத வேளைகளில் அவரை நாற்காலியோடு தூக்கி வந்த மாடிக் குடியிருப்பு அயலவர்களுக்கும், கிரியைகளைச் செய்துதந்த குருமாருக்கும், சமைத்து அனுப்பிய வீடுகளுக்கும், மலர்வளையத்தோடு வந்து நின்ற கொட்டாஞ்சேனை நோயாளர்களுக்கும், எல்லா வேலைகளையும் சுமந்த என் கணவருக்கும் எங்கள் நன்றி. பெரியம்மாவுக்கு நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கார்ப் பகுதியை வெட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அவள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, "திவசம் முடிய ஒருநாள் நீ காரை எடுத்துக்கொண்டு போ. குழந்தை என்னோடை நிக்கட்டும்" என்றார்.

"காய்ச்சல் வந்தால்?"

"வந்தால் டொக்டரிட்டைக் கொண்டுபோவன். உனக்குச் சொல்லமாட்டன். ஓடேக்கை போன் எடுக்கக்கூடாது."

சொல்லாமலே விட்டுவிடுவாரோ என்ற பயம் இப்போதே பிடித்துக்கொண்டது. புத்தளம் வரை போவேனா, நீர்கொழும்பிலேயே திரும்பிவிடுவேனா, தெரியாது. டயர்களுக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன்.