கதிருக்குக் கை நீட்டிய அருளப்பன் அண்ணன்

மாதா கோயிலில் துக்க மணி அடித்தபோது வார்டில் ஒரு பெரியவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். விசாரித்துவிட்டு வந்த ஆயா, "நம்ம எக்ஸ்ரே அருளப்பன் சாருங்க" என்றாள். கை ஓடவில்லை. பெரியவர்தான், "முடிச்சுட்டு அழும்மா" என்றார்.

எழுபதுகளில் கரப்பான், அரிப்பு என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். எந்த மருந்துக்கும் அடங்காத அரிப்புக்கு அப்போது 'கரண்டு வைப்போம்'. ஊர் கரண்டு என்றது எக்ஸ்ரே கதிரைத்தான். சில தடவை வைத்தால் அரிப்பு அடங்கிவிடும். "சொறியிற சொகத்தப் புடுங்குற பாவி நான்" என்று அண்ணன் சிரிப்பார். அந்த அறைப் பக்கம் போனால் இன்றும் என் காது அந்தச் சிரிப்பைத் தேடுகிறது.

குரும்பகரத்துப் பெண் ஒருத்தி மிஷினைக் கண்டதும் அழுதுகொண்டு எழுந்துவிட்டாள். கதிர் படாமல் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டிய அண்ணன், அவள் பக்கத்தில் போய்த் தன் இடது கையையும் கதிரில் நீட்டினார். "பாருங்க, சுடவே இல்ல." அவள் அடங்கி உட்கார்ந்தாள். அதன்பிறகு யார் பயந்தாலும், துணைக்கு இருந்த நர்ஸ் நான்தான், தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக நின்றபடி கூப்பிடுவேன்: "அண்ணே, கொஞ்சம் கைய வைங்க." வேலை சீக்கிரம் முடியுமே என்பதுதான் என் நினைப்பு. எத்தனை வருஷம் அப்படிக் கூப்பிட்டேன்!

எண்பதுகளில் நல்ல களிம்புகள் வந்தன. கதிரால் பின்னாளில் புற்று வரும் என்று பெரிய டாக்டர் அரிப்புக்குக் கரண்டு வைப்பதை நிறுத்திவிட்டார். கருக்களாச்சேரி மீன்காரம்மா ஒருத்தி கேட்கவில்லை. நாளெல்லாம் மீன் கழுவும் கையில் களிம்பு எங்கே தங்கும்? "ஒரே ஒரு தடவ வைங்க, புண்ணியமாப் போவும்" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கொஞ்ச நாளாகக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்தார். தோல் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு விரலில் நகமே இல்லை.

"எனக்கு அரிச்சா சொறிய நகம் இல்லம்மா. ஒங்களுக்கும் இது வேணுமா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். நானும் அன்றுதான் பார்த்தேன்.

புற்று என்று முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு கையை. வீட்டுக்குப் போனேன். "என்னாலதானே அண்ணே" என்று சொல்ல வாயெடுத்ததும் அவர் முந்திக்கொண்டார்.

"நீ தடுப்புக்குப் பின்னாலதானே நின்ன? ஒன் கையக் காட்டு."

நீட்டினேன். மிச்சமிருந்த கையால் என் கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்கு தங்கச்சி" என்றார். அப்படி ஒரு நிம்மதியை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

அந்த முகத்தைத்தான் மனசில் வைத்திருக்கிறேன். மன்னிப்பை நான் கேட்கவே இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என் கையைப் பாருங்க அண்ணே.