உலைக்கல்லின் மஞ்சள்

எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள்.

பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்குப் பொடி அரைக்கும் வேலை. பிஸ்மத்தையும் சிலிக்காவையும் கல்வத்தில் அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுடவேண்டும். மின்சாரம் கொடுத்தால் அந்த வில்லைக்குள் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாயும். நிறுத்தினாலும் சாய்ந்தபடியே நிற்கும். ஈயம் கலந்த வில்லைகள் இதை நன்றாகச் செய்யும். ஆனால் ஈயம் நஞ்சு. ஈயமே இல்லாமல் இந்தச் சிலிக்கேட்டில் அதைச் செய்வதுதான் கூடத்தை நடத்தும் யாழ்ப்பாணத்து மிஸ்ஸின் ஆராய்ச்சி.

நான் அரைத்த பொடியில் செய்த வில்லையில் ஈயம் இருப்பதாகச் சோதனை சொல்லிவிட்டது.

எட்டாம் ஆண்டுப் படிப்போடு கலஹா தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடியவன் நான். திரிந்த இடங்களில் ஒன்று, கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் பழைய கார் பற்றரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் கொட்டகை. அங்கே ஒரு வருடம். வேலைக்குச் சேரும்போது அதை மறைக்கவில்லை. உலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் அதையே பிடித்துக்கொண்டார்.

“பற்றரிக்காரன் கை வச்சா ஈயம் வராம தங்கமா வரும்? தோட்டத்துக்கே போய்ச் சேரு.”

“ஒங்க உலையத் தொறந்து பாருங்க சார். உள்சுவர்க் கல்லெல்லாம் மஞ்சளா கெடக்கு. கொட்டகையில அந்த மஞ்சளத்தான் நான் தெனமும் சொரண்டினேன்.”

“அது பிஸ்மத் மஞ்சள்டா. எனக்கே பாடம் எடுக்கிறியா?”

அதே உலையில்தான் அவர் பல வருடம் ஈய வில்லைகள் சுட்டிருந்தார். ஈயம் ஆவியாகிக் கல்லில் ஏறும். மறுபடி சூடானால் கல்லைவிட்டு இறங்கி உள்ளே இருக்கும் வில்லையில் ஒட்டும். இதற்குப் படிப்புத் தேவையில்லை.

மிஸ்ஸிடம் போனேன். “நான் அரைச்ச ஒரே பொடியில ரெண்டு வில்லை போடுங்க. ஒன்ன இங்க சுடுங்க, இன்னொன்ன மேல் மாடிப் புது உலையில சுடுங்க. என் கை ஈயம்னா ரெண்டுலயும் வரணுமில்ல?”

“ஓம், செய்து பாப்பம்,” என்றார், என்னைப் பார்க்காமலே.

புது உலை வில்லையில் ஈயம் இல்லை. பழைய உலை வில்லையில் இருந்தது.

உத்தியோகத்தர் மன்னிப்புக் கேட்கவில்லை. சுத்தியலை நீட்டினார். “புதுக் கல்லு போடணும், பழசையெல்லாம் ஒடச்செடு. ஒனக்குத்தான் ஈயம் பழக்கமாச்சே.”

கையுறையும் முகமூடியும் கேட்டேன்.

“பற்றரி உருக்குறப்ப போட்டியா?”

மிஸ் தலை நிமிராமல், “நாளைக்குள்ள உலை வேணும்,” என்றார்.

கொட்டகையில் நான் எதுவும் போடவில்லைதான். அந்த வருடம் முழுக்க ஈயம் தந்த வயிற்றுவலியில் இரவிரவாகச் சுருண்டு கிடந்தேன். அதை இவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சுத்தியலை உத்தியோகத்தருடைய சாப்பாட்டுப் பார்சலுக்கு மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஊருக்குப் போகும் கலஹா பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறவில்லை. கண்டிப் பக்கம் நடந்தேன்.