கோயில் கூட்டத்தில் அப்பா சொன்ன நோய்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளில் பாதிப்பேர் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். ஆகவே அவரைப் பொறுமையின் சிகரம் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவரே எழும்பி வந்து கிழித்துப் போடுவார்.

கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த அப்பா, எட்டு வயதில் தகப்பனை இழந்து, தாயோடும் கைக்குழந்தையான தம்பியோடும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்தார். பதினாறு வயதில் கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் தம்பியை, எங்கள் சித்தப்பாவை, வளர்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார். ஒரே பிள்ளையான என்னை ஆசிரியையாக்கினார். கோயில் தலைவராகப் பன்னிரண்டு திருவிழாக்களை நடத்தினார்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற மறுவருடம் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பதுளை ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். எலும்புக்கும் பரவிவிட்டது, முழுதாக மாற்ற முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி, தினமும் மாத்திரை. திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள்ளேயே அப்பா எனக்கும் அம்மாவுக்கும் கட்டளை போட்டார்.

"யாரு கேட்டாலும் சீனி வருத்தம்னு சொல்லுங்க. ஒண்ணுக்குப் போற எடத்துல வந்த நோய லயத்துக்கே சொல்லிக்கிட்டுத் திரியணுமா?"

நீரிழிவுதான் என்று லயம் நம்பியது. நம்பியதோடு நிற்காமல் அவரைக் கவனிக்கவும் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பாகற்காய் வந்தது. போன இடமெல்லாம் சீனி போடாத தேத்தண்ணி. கோயிலில் தலைவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடையாது, சுண்டல் மட்டும். இனிப்புக்கு உயிரை விடும் மனிதர் பதினான்கு மாதம் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் விழுங்கினார். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு இரண்டு கரண்டி சீனியை வெறும் வாயில் போட்டுக்கொள்வார். "வேற நோயே கெடைக்கலையா ஒங்களுக்கு?" என்பார் அம்மா.

ஊசி அவரைப் பாடாய்ப் படுத்தியது. நாங்கள் குளிரில் ஒடுங்கியிருக்க, அவருக்கு மட்டும் உள்ளிருந்து அனல் கிளம்பிச் சட்டை நனையும். மூட்டை சுமந்த தோள் இளைத்தது. மார்பு சற்றுப் பருத்தது. அதை மறைக்க வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டார். ஒருநாள் அம்மாவிடம் கேட்டார்.

"பொம்பளைங்க ஒங்களுக்கும் ஒரு வயசுல இப்படித்தான் வேர்த்துக் கொட்டுமா? இதோடயா கொழுந்து எடுத்தீங்க?"

"இப்பவாவது தெரிஞ்சிச்சே," என்றார் அம்மா. மறுநாளிலிருந்து அம்மாவுக்கு முந்தி எழும்பி அடுப்பு மூட்டியவர் அப்பாதான். ஒரு கிளினிக் நாளையும் அவர் தவறவிட்டதில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, முதல் பஸ்.

அந்த வருடத் திருவிழாவுக்கான கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. தேர் போகும் வழியைப் பேசி முடிப்பதற்குள் சித்தப்பா நான்கு தரம் எழும்பி வெளியே போய்வந்தார். நான்காம் தரம் முகம் வெளுத்து, அடிவயிற்றில் கையை வைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

"என்னடா தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே, குளிரு."

அப்பாவும் நோயைக் கண்டுபிடிக்கும் முன் இரண்டு வருடம் குளிர் என்றுதான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழும்பி நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்த எனக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"எனக்குச் சீனி வருத்தம் இல்லீங்க. ஒண்ணுக்குப் போற எடத்துல புத்துநோய். வெக்கப்பட்டுக்கிட்டே ரெண்டு வருசத்த ஓட்டிட்டேன். முந்தியே வந்திருந்தா வேற மாதிரி பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. தம்பி, நாளைக்கு நீ எங்கூட பதுளைக்கு வாற. வரலைன்னா இந்த வருசம் திருவிழாவே கெடையாது."

கோபக்காரர், வீம்புக்காரர் என்று நான் நாற்பது வருடமாக அறிந்த அப்பா, எது வெளியே தெரிந்தால் செத்துப்போவேன் என்று பயந்தாரோ அதை ஊர் முன்னால் தன் வாயாலேயே சொல்லிவிட்டு நின்றார். நான் மலைத்துப்போனேன். இன்றும் அந்த மலைப்பு தீரவில்லை.

மறுநாள் இருவரும் முதல் பஸ்ஸில் போனார்கள். சித்தப்பாவுக்கும் அதே நோய்தான், ஆனால் வெளியே பரவியிருக்கவில்லை. சிகிச்சை பலித்தது. திருவிழாவும் நடந்தது. அப்பாவுக்கு இரண்டு இலையில் சர்க்கரைப் பொங்கல் வந்தது.

அதன் பின்னும் மூன்று வருடம் ஊசியோடும் வலியோடும் அப்பா எங்களோடு இருந்தார். கடைசி வாரங்களைப் பதுளை ஆஸ்பத்திரி வார்டில் கழித்தார். அம்மாவின் கையில் கஞ்சி குடித்த ஒரு காலையில் அமைதியாகக் கண்மூடினார்.

அவரைப் பார்த்த டாக்டர்மாருக்கும், தாதிமாருக்கும், கிளினிக் நாளில் முன் சீட்டைப் பிடித்து வைத்த கண்டக்டர் தம்பிக்கும், பாகற்காய் தந்த வீடுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மகன் இல்லாத அப்பாவுக்குக் கொள்ளிக்குடம் தூக்கியவர் சித்தப்பா. இம்மலரில் போடுவதற்காக அவருக்கு நன்றி சொல்லப் போனேன்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? அண்ணன் அன்னைக்கு வாயத் தொறக்கலைன்னா, என் குழியில அவருதான் மண்ணு போட்டிருப்பாரு," என்றார்.