கன்றுக்குட்டியின் மருந்து

ஹோமியோபதி மருந்து வேலை செய்யுமா, செய்யாதா என்ற கேள்விக்கு எங்கள் தெருவில் ஒரு கன்றுக்குட்டியை வைத்து விடை கண்டார்கள். அந்த விடை தப்பு என்பது தெருவில் முதலில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மண்ணூரில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்பா தென்காசிப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. முன் போர்ஷனில் வீட்டுக்கார அத்தை இருந்தார். சொந்தம் எதுவும் கிடையாது. அப்பா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை ஆகிவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டினார். வாசலோரத்துக் கொட்டகையில் ஒரு பசுவும் ஒரு செவலைக் கன்றும் இருந்தன.

அந்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கும் கன்றுக்கும் ஒரே சமயத்தில் மரு வந்தது. எனக்கு வலது கையில் ஐந்து, இடது கையில் இரண்டு. கன்றுக்குக் கழுத்தில் பதினொன்று, கண்ணோரத்தில் மூன்று. யாரிடமிருந்து யாருக்கு ஒட்டியது என்பதில் முன் போர்ஷனுக்கும் பின் போர்ஷனுக்கும் ஒரு வாரம் லேசான மனஸ்தாபம் இருந்தது. பள்ளியில் ஆண்டு விழாக் கும்மி ஒத்திகையில் எனக்கு ஜோடியாக நின்ற பெண், என் கையைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடித்தாள். கன்றுக்கு அந்த மாதிரிக் கவலை இல்லை.

அம்மா என்னைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் "சுட்டு எடுத்துடலாம்" என்றதும் நான் போட்ட சத்தத்தில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அதைக் கேட்ட வீட்டுக்கார அத்தைதான் வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பையிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு ஹோமியோபதி டாக்டர் வருவார். மனிதர், மாடு என்று பேதம் பார்க்க மாட்டார்.

டாக்டர் வந்தார். ஒல்லியான, பொறுமையான மனிதர். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் கன்றைப் பற்றி விசாரித்தார்.

"தண்ணி தாகம் எப்படி?"

"தொட்டி தொட்டியா குடிக்குது" என்றார் அத்தை.

"இடி இடிச்சா பயப்படுதா?"

"நானே பயப்படுவேன் டாக்டரே."

"தனியா இருக்கப் பிடிக்குதா, நாலு பேரோட இருக்கப் பிடிக்குதா?"

"இன்னா டாக்டரே, மாப்ள பாக்கறா மாறி கேட்டுக்கினு கீறீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு என்னிடமும் அதே கேள்விகள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் விட்டுப் பதில் சொன்னேன். கடைசியில் ஒரே மருந்தை இரண்டு சின்னக் குப்பிகளில் கொடுத்தார். எனக்கு வெள்ளை மூடி, கன்றுக்குச் சிவப்பு மூடி. உள்ளே ஜவ்வரிசி போல வெள்ளை உருண்டைகள். காலையில் நான்கு, மாலையில் நான்கு.

முதல் ஷிப்டு முடிந்து வந்த அப்பா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சீனி உருண்டையில மரு உதிருமாக்கா? அப்பம் மிட்டாய்க் கடைக்காரனுக்கு உடம்பெல்லாம் பளபளன்னுலா இருக்கணும்."

"நீ சிரி தம்பி. மனுசனுக்குக் கேட்டுச்சுன்னா நம்பிக்கைல கேட்டுச்சும்ப. கன்னுக்குட்டிக்கு இன்னா நம்பிக்க? அது இன்னா பேப்பரா படிக்குது? அதுக்குக் கேட்டா மெய்யாலுமே மருந்துதானே?"

அப்பா யோசித்தார். நியாயமான வாதத்தை மதிக்காமல் அவருக்கு இருக்க முடியாது.

"சரிக்கா. மாட்டுப் பொங்கலுக்குள்ள கன்னுக்குட்டி உடம்புல ஒரு மரு இல்லாம விழுந்துட்டுன்னா, நான் மீசைய எடுத்துருதேன்."

அம்மா உலை வைத்ததை மறந்து வெளியே வந்துவிட்டாள். அப்பாவின் மீசை சாதாரண மீசை இல்லை. எதிர் வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த கம்பெனிப் பையன்கள் அவரை 'மீசைண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் படத்தில் முதலில் மீசை தெரியும், பிறகு அப்பா, கடைசியாகத்தான் தான் தெரிவதாக அம்மாவுக்கு வெகுநாள் குறை.

பந்தயம் என்று ஆனதும் அப்பா அதைக் கம்பெனி வேலையாகவே எடுத்துக்கொண்டார். ஒரு பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். தேதி, காலை, மாலை. ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் கன்று. ஞாயிறுதோறும் மரு எண்ணிக்கை எழுத ஒரு தனிக் கட்டம். தாளைக் கொட்டகைத் தூணில் ஆணியடித்து மாட்டினார். இரண்டு பேருக்கும் மருந்து கொடுத்து டிக் போடும் பொறுப்பு எனக்கு.

"ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்க" என்றார். "செய்யாத வேலைக்கு டிக் போடக் கூடாது. ஒரு டிக்கு பொய்யின்னா மொத்த ஷீட்டும் பொய்தான்."

முதல் நாள் காலை நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன். என் உருண்டைகளை நாக்கடியில் போட்டேன், கரைந்தன, டிக் போட்டேன். சிவப்பு மூடியைத் திறந்து நான்கு உருண்டைகளை உள்ளங்கையில் வைத்துக் கன்றின் முன் நீட்டினேன். அது முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. கீழே சாணி. கையிலோ வியர்வை, உருண்டைகள் ஒட்ட ஆரம்பித்தன. வீணாக்கக் கூடாது என்று வாயில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு இனிப்பு, பின்னாலேயே மெல்லிய ஸ்பிரிட் வாசனை. கன்றின் கட்டத்தில் டிக் போட்டேன்.

மாலையில் கன்றிடம் கேட்கக்கூட இல்லை.

இரண்டாம் வாரத்துக்குள் என்னிடம் ஒரு கொள்கையே உருவாகிவிட்டது. நான்கு உருண்டை சாப்பிட்டால் மரு இரண்டு மாதத்தில் விழும் என்றால், எட்டு சாப்பிட்டால் ஒரு மாதத்தில் விழும். கும்மிக்குக் கை சுத்தமாகிவிடும். கன்றுக்கு எந்தக் கும்மியும் இல்லை. குப்பிகள் காலியானால் டாக்டர் புதிதாகக் கொடுத்தார். நான் தவறாமல் எட்டு சாப்பிட்டேன், தவறாமல் இரண்டு டிக் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை அப்பாவின் முன்னிலையில் நடக்கும். என் கட்டத்தில் ஏழு, ஏழு, ஏழு, பிறகு எட்டு. கன்றின் கட்டத்தில் பதினான்கு, பதினான்கு, பன்னிரண்டு, ஒன்பது.

அப்பா ஒன்பது என்பதை இரண்டு தடவை எண்ணினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மூன்றாம் தடவையும் எண்ணினார்.

"அக்கா, நீங்க எதும் நூலு கட்டி அறுக்கியளா?"

"ஐய, எனுக்கு வேற வேல இல்ல பாரு! மருந்து கேக்குது தம்பி, ஒத்துக்கோ."

இப்போது நானும் தரம் பார்க்கும் வேலையில்தான் இருக்கிறேன். குழந்தைகளுக்கும் கன்றுகளுக்கும் வரும் இந்த வகை மரு பெரும்பாலும் தானாக வந்து, தான் நினைத்தபோது தானாகப் போய்விடும் என்று படித்திருக்கிறேன். என்னுடையவை அடுத்த கோடையில், நான் எந்த மருந்தும் சாப்பிடாத ஒரு வாரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போயின. இரண்டே பேரை வைத்து, அதிலும் ஒருத்தி இன்னொருத்தியின் மருந்தைத் தின்றுவிட்ட சோதனையில் எதையும் நிரூபிக்க முடியாது என்பதும் இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மருந்தே சாப்பிடாத கன்று குணமாகிறது, அதனால் அப்பாவின் மீசை போகப் போகிறது. அதைத் தடுக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் கன்றின் மருந்தைத் திருடித் தின்றவள் என்று தெருவே என்னைச் சொல்லும்.

மார்கழி முழுக்க நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கண்ணோர மருக்கள் முதலில் விழுந்தன. மாடியிலிருந்து பையன்கள் ஒவ்வொரு நாளும் குரல் கொடுத்தார்கள்.

"மீசைண்ணே, பிளேடு வாங்கியாச்சா?"

"இன்னும் ஆறு கிடக்கு போங்கல!" என்று அப்பா கத்துவார். அடுத்த வாரம் "இன்னும் நாலு கிடக்கு" என்றார், கொஞ்சம் மெதுவாக. போகியன்று இரண்டு. பொங்கலன்று ஒன்று. அந்த ஒன்றை அப்பா பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மாட்டுப் பொங்கல் காலையில் பசுவையும் கன்றையும் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து வாசலில் நிறுத்தினார்கள். ஊருக்குப் போக லீவு கிடைக்காத பையன்கள் எல்லாரும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். டாக்டருக்கும் அத்தை சொல்லி அனுப்பியிருந்தார். கன்றின் கழுத்தை அத்தை எல்லார் முன்னாலும் தடவிக் காட்டினார். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பையன்களில் ஒருவன் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. தெரு முழுக்க விசில்.

"தம்பி, பேச்சு மாறக் கூடாது!"

"எங்கக்கா மாறுதேன்?" என்று சொல்லிவிட்டு அப்பா சவரப் பெட்டியோடு பின்பக்கம் போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா பனியனோடு தண்ணீர்த் தொட்டி மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மீசைக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார்.

"எடுக்காதீங்கப்பா. கன்னுக்குட்டி மருந்தே சாப்பிடல."

தூரிகை நின்றது. "பொறவு யாரு சாப்பிட்டா?"

"நான்."

"எத்தன நாளு?"

"எல்லா நாளும். ரெண்டு வேளையும்."

"அப்பம் ஷீட்டுல போட்ட டிக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாம் பொய்ப்பா."

அப்பா என் கையைப் பிடித்துத் திருப்பி மருக்களை எண்ணினார். எட்டு. எண்ணி முடித்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல், நுரை தொட்டிக்குள் சொட்டச் சொட்டச் சிரித்தார். அழுகைக்கு நடுவில் எனக்கும் சிரிப்பு வந்தது.

"அந்த ஷீட்ட எடுத்துட்டு வா" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஆதாரம் கேட்கிறார். யாரும் பார்க்காமல் தூணிலிருந்து தாளைக் கழற்றி ஓடி வந்தேன். அதற்குள் பாதி மீசை போயிருந்தது. மீதிப் பாதியை அவர் கண்ணாடியைப் பார்த்து நிதானமாக எடுத்தார். நான் தாளை நீட்டியபடி நின்றேன். முகத்தைத் துடைத்து, பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீசையோடு போய்ச் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறார் என்பார்கள், அதனால்தான் முதலில் எடுத்துவிட்டுச் சொல்லப் போகிறார் என்று நான் கணக்குப் போட்டேன்.

மீசையில்லாத அப்பா வாசலுக்கு வந்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மேலுதடு மட்டும் வெளுத்து, பள்ளிக்கூடப் பையன் போல இருந்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஆத்தாடி, இது யாரு?" என்றாள். அவ்வளவுதான், தெரு வெடித்துச் சிரித்தது. பையன்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு பசுவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். டாக்டர் சங்கடத்தோடு கைகொடுத்து, ஷிப்டு வேலையால் வரும் வாயுத் தொந்தரவுக்கு என்று ஒரு குப்பியை எடுத்து நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு அத்தை என்னைப் பிடித்து இழுத்துக் கன்றின் பக்கத்தில் நிறுத்தினார்.

"எல்லாரும் பாத்துக்கோங்கப்பா! இந்தப் பொண்ணுதான் என் கன்னுக்குட்டிக்கு நர்சு. மழையோ பனியோ, ஒரு வேள தவறல. டிக் போட்டுக்கினு, டைமுக்குக் குடுத்துக்கினு... பெத்த புள்ள கூட இப்டி செய்யாது!"

கன்றுக்குக் கட்டிய சாமந்தி மாலைகளில் ஒன்றைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். எனக்குக் காது சுட்டது. அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். தாளின் ஓரம் வெளியே தெரிந்தது. அப்பா முன்னால் வந்தார்.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாலையை ரெண்டு சுத்தாப் போடுங்க. புள்ளைக்கு நீளமா கிடக்கு."

அத்தை இரண்டு சுற்றாகப் போட்டார். முதலில் கைதட்டியது அப்பாதான். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஜெயித்திருக்க வேண்டிய பந்தயத்தில், ஆதாரத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, மொட்டை உதட்டோடு ஒரு மனிதர் தோற்று நிற்கிறார். எடுத்துக் காட்டுங்களேன் என்று கண்ணால் அவர் சட்டைப் பையை ஜாடை காட்டினேன். அப்பா என் ஜாடையைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் பலமாகக் கைதட்டினார். நான் சொல்ல வந்தது அவருக்குப் புரியவில்லை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.