நஜீப் மாமாவின் இரண்டாம் ஒப்பரேஷன்

கல்முனைக்குடி வாழ் பெருமக்களுக்கு மிக முக்கிய அறிவித்தல்: இனிக் கல்யாண வீடுகளில் எனக்கு மேலதிக இறைச்சித் துண்டு கிடைக்காது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி இதைச் சொல்லவில்லை. கராஜ் நஜீப் மௌத்தாகிவிட்டார் என்று மட்டும் போன வெள்ளிக்கிழமை காலையில் சொன்னது.

இறந்துபோன அவர் என் உம்மாவின் தம்பி. அக்கரைப்பற்றில் மோட்டார் சைக்கிள் திருத்துபவர். உடம்பு பெருத்துப்போனதால் கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஒப்பரேஷன் செய்தவர். சில வருடங்களில் எடை திரும்பி வந்தது. கூடவே நெஞ்செரிவும் வந்தது; படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். டாக்டர்கள் சொல்லி இரண்டாம் தடவையும் செய்துகொண்டார். 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்றது ஊர். மாமாவுக்குக் கொழுப்பு வயிற்றில் இருந்தது, ஊருக்கு வாயில்.

கராஜுக்கு வந்த ஒருவர், "ரெண்டாந்தரமும் வெட்ட வெக்கமில்லையா?" என்று கேட்டார். மாமா கையைத் துடைத்தபடி சொன்னார்: "உங்கட இஞ்சின ரெண்டு தரம் கழட்டியிருக்கன். பைக்குக்கு வெக்கமில்லண்டு சொன்னேனா?"

கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அந்த ஒரே தட்டில் சாப்பிடுவோம். மாமாவால் இரண்டு மூன்று பிடிக்கு மேல் முடியாது. அவர் கையை எடுத்தால் மற்றவர்களும் கூச்சப்பட்டு எழும்பிவிடுவார்கள். அதனால் சோற்றை அளைந்துகொண்டே இருப்பார். மரியாதைக்கு அவர் பக்கம் தள்ளப்படும் இறைச்சியெல்லாம் சத்தமில்லாமல் என் பக்கம் வந்து சேரும். அந்தச் சஹனில் இடம்பிடிக்க நான் செய்த தில்லுமுல்லுகளை இங்கே எழுத முடியாது.

ஒருநாள் எதிரே இருந்தவர், "என்ன நஜீப், வயித்தோட வாயையும் தைச்சுட்டாங்களா?" என்றார்.

"வாயத் தைக்கல்ல மச்சான். அதாலதான் உனக்குப் பதில் சொல்றன். நீ தின்னு."

அவரைக் கொண்டுபோனது டெங்கு. நுளம்பு யாரையும் தராசில் ஏற்றிப் பார்த்துக் கடிப்பதில்லை. இரண்டாம் ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார், மாடிப்படி ஏறினார், என்னைத் துரத்திப் பிடித்தும் இருக்கிறார். அதை யாரும் ஜனாஸா வீட்டில் கதைக்கவில்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும்.

மாமாவிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து அவருடைய வாய்தான் என்று கூட்டாளிகளிடம் பெருமையடித்துத் திரிகிறேன். ஆனால் ஜனாஸா வீட்டில் ஒரு ஹாஜியார் என் தோளில் கைபோட்டு, "மறுகா ரெண்டாந்தரம் வெட்டாட்டி உசிரோட இருந்திருப்பான், என்ன மகன்?" என்று கேட்டார். நான் "ஓம் ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்குகிற சாக்கில் நழுவிவிட்டேன்.

ஹாஜியார், நான் சொல்ல நினைத்தது 'இல்லை' என்றுதான்.